றிஃப்கா சொன்ன வழி

பல்லேபொல
07.01.2024

அன்பு மகள் றிஃப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் தங்கச்சி அஸ்ராவும் அல்லாஹ்ட காவல்ல சுகமா இருக்கிறோம். தோஹாவுல இப்ப நல்ல குளிராம். சளி பிடிச்சா சும்மா விட்டுடாதே.

போன் இருக்க எதுக்கு கடிதம் எண்டு யோசிப்பாய். போன் எந்நேரமும் அஸ்ராட கையில. நீ அனுப்புற வொய்ஸ் எல்லாத்தையும் அவள்தான் முதல்ல கேக்கிறாள். இது அவள் கேக்கிற கதை இல்ல. நளீம் நானா லீவு முடிஞ்சு தோஹாவுக்குத் திரும்புறார், அவரிட்ட கவர ஒட்டிக் குடுத்து விடுறேன். நீயும் எழுதியே அனுப்பு.

உன்ட வாப்பா மவுத்தாகி ஆறு வருஷமாகுது. எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு மகள். கலேவெலயில கடை வச்சு மிளகு, கராம்பு வாங்கி விக்கிறவர். மனைவி மவுத்து, பிள்ளை இல்ல. நாப்பது வயசுல உங்களுக்கு இது தேவையா எண்டு நீ கேக்கலாம். பதினாறு வயசுல என்னக் கட்டிக் குடுத்த நேரம் என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல. இப்ப ஒருத்தர் என்னட்டயே வந்து கேக்கிறார்.

இனி எழுதப் போறதுதான் வெக்கம். உனக்கும் அஸ்ராவுக்கும், தங்காம போன தம்பிக்கும் பால் குடுத்து என்ட நெஞ்சு தொங்கிப் போச்சு. குளிச்சிட்டு கண்ணாடிக்கு முன்னால நிக்கிறதே இல்ல. பல்லு வலி எண்டு வீட்டில சொல்லிட்டு கண்டியில ஒரு லேடி டொக்டரிட்ட போனேன். ரெண்டு வழி இருக்காம், ஒண்டு லிஃப்ட், மத்தது இம்ப்ளான்ட். இங்கிலீஷும் சிங்களமுமா சொன்னா, பாதிதான் விளங்கினது. நீ வேல செய்றதே அந்த மாதிரி கிளினிக்குலதானே. எனக்கு எது நல்லம் எண்டு விளங்க எழுது.

இது ஆகுமா ஆகாதா எண்டு நான் எந்த மௌலவியிட்டயும் கேக்கல்ல. நீயும் கேக்காதே.

துஆவுடன்,
உம்மா ஜெஸீலா


தோஹா
26.01.2024

என்ட உம்மாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். சளி வந்து போயிட்டுது. அஸ்ராவுக்கு என்ட ஸலாம்.

உங்கட கடிதத்த கிளினிக்கு டொய்லட்டுக்குள்ள இருந்து வாசிச்சேன். முதல்ல அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. கட்டுங்க உம்மா. உங்களுக்கு வயசு போகல்ல. எனக்கு வாப்பாட ஞாபகம் வந்ததுதான், அதுக்காக நீங்க தனிச்சு இருக்கணும் எண்டு நான் சொல்ல மாட்டேன்.

இப்ப விஷயம். மிளகுச் சாக்க நினைச்சுப் பாருங்க. சாமான் இருக்கு, ஆனா சாக்கு சரிஞ்சு கிடக்கு. அத நிமித்தி, மிச்சத் துணிய வெட்டி இறுக்கித் தைக்கிறதுதான் லிஃப்ட். உள்ளுக்கு இன்னும் சாமான் போடுறது இம்ப்ளான்ட். சிலிக்கன் பை ஒண்ட உள்ள வைப்பாங்க. மார்பு சின்னதா இருக்கிறவங்களுக்கு அது சரி. இறங்கினவங்களுக்கு அது மட்டும் வச்சா பாரத்துக்கு இன்னும் இறங்கும். ரெண்டையும் சேத்துச் செய்றவங்களும் இருக்கிறாங்க, உங்களுக்கு அது தேவையில்ல.

நீங்க நேரா நிண்டு பாருங்க. காம்பு, மார்புக்குக் கீழ இருக்கிற மடிப்பை விட கீழ போயிருந்தா உங்களுக்கு லிஃப்ட்தான். தழும்பு இருக்கும். காம்பைச் சுத்தி ஒண்டு, அதுலருந்து கீழ ஒரு கோடு, மடிப்போட ஒரு கோடு. முதல் வருஷம் சிவப்பாத் தெரியும், பிறகு மங்கிடும். இம்ப்ளான்ட்டுக்குத் தழும்பு குறைவு. ஆனா வெளிச் சாமான் உடம்புக்குள்ள, சில பேருக்கு கல்லா இறுகும், கொஞ்சக் காலம் போனா மாத்தவும் வேணும். கண்டி டொக்டர் லிஃப்ட் எண்டு சொன்னா கண்ண மூடிட்டு செய்ங்க.

மாப்பிள்ளைட பேர் என்ன? எழுதல்லயே நீங்க.

ஓகஸ்ட்டுல எனக்கு கொன்ட்ராக்ட் முடியுது. நிண்டு நிண்டு கால் வீங்குது உம்மா. ஊருக்கு வரலாமா எண்டு இருக்கு. எனக்கு ஏதாவது சம்பந்தம் பேசி வந்ததா?

முத்தங்களுடன்,
றிஃப்கா


பல்லேபொல
20.02.2024

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க சுகம். உன்ட கால் வீக்கத்துக்கு உப்புத் தண்ணியில கால வச்சிரு.

நீ எழுதினது நல்லா விளங்கினது. நிண்டும் பாத்தேன். நீ சொன்ன மாதிரி கீழதான் இருக்கு. கண்டி டொக்டரும் லிஃப்ட் எண்டுதான் சொல்றா. நோன்பு முடியட்டும், செய்வோம். மிளகு வித்தது கையில இருக்கு.

அவர்ட பேர் இத்ரூஸ். என்ட வயசுக்குக் கிட்டத்தட்ட வருவார். மிளகு நிறுக்க வந்து பழக்கம். முத்தத்துல நிண்டு என்ட மிளகுக்கு கலேவெல முழுக்க ஈடு இல்ல எண்டு சொல்லுவார்.

உனக்கு சம்பந்தம் ஒண்டும் வரல்ல. ஒளிக்காமச் சொல்றேன், வெளிநாட்டுல தனிய இருக்கிற பிள்ளை எண்டா யோசிக்கிறாங்க. நீ வாப்பாவப் போல கறுப்பு, மெலிவு வேற. அவசரப்பட்டு ஊருக்கு வந்து வீட்டில குந்திட்டு இருந்தா இன்னும் மதிப்பில்ல. கொன்ட்ராக்ட்ட இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் புதுப்பிச்சுடு மகள். அஸ்ராட படிப்பும் இருக்கு.

எப்பவும் உன்ன நினைக்கிற
உம்மா


இரத்தோட்டை
14.03.2024

அன்பு மருமகள் றிஃப்காவுக்கு ஸுலைஹா மாமி எழுதுறது,

அஸ்ஸலாமு அலைக்கும். முதல் நோன்போட உன்ட ஞாபகம் வந்தது. சஹர் வேளைக்கு நீ தனிய என்னத்த சாப்பிடுவாய் எண்டு மாமாவும் கேட்டார். எனக்கு முழங்கால் நோவு, மத்தபடி சுகம்.

ஒரு மனத்தாங்கல எழுதாம இருக்க ஏலல்ல. நீ என்ட கூடப் பிறந்த நானாட மகள். உனக்கு நல்லது நடக்கணும் எண்டு போன வருஷம் கலேவெல இத்ரூஸ்ட சம்பந்தத்த தேடிப் பிடிச்சுக் கொண்டு வந்தது நான்தான். வயசு முப்பத்தெட்டு, அது கொஞ்சம் கூடதான். ஆனா குடி இல்ல, சிகரட் இல்ல, சொந்தக் கடை. உன்ட படத்தக் காட்டினேன். "பிள்ளை ஓம் எண்டா நான் காத்திருக்கிறேன்" எண்டார். அவர பல்லேபொலைக்கு அனுப்பினதும் நான்தான்.

உன்ட உம்மா சொன்னா, "றிஃப்காட்ட கேட்டேன், கிழவன் எனக்கு வேணாம் எண்டுட்டாள்" எண்டு. சரி, உன்ட விருப்பம். ஆனா அந்த வார்த்தைய நீ சொல்லியிருக்கக் கூடாது மகள். அவர் முகம் கறுத்துப் போச்சு. இப்ப பாத்தா மதினியே அவரக் கட்டப் போறாவாம். ஊர் என்னட்டத்தான் கேக்குது, மகளுக்குக் கொண்டு போன சம்பந்தம் உம்மாவுக்கு எப்படிப் போச்சு எண்டு.

உண்மையா நீதான் வேணாம் எண்டியா? அவர்ட படமும் இதோட வச்சிருக்கிறேன்.

மாமி ஸுலைஹா


தோஹா
02.04.2024

மாமிக்கு ஸலாம்.

முழங்காலுக்கு சூடு பிடிங்க. நான் சுகம்.

ஓம் மாமி, நான்தான் வேணாம் எண்டேன். உம்மா என்னட்டக் கேட்டா. இனி இதப் பத்தி யாரிட்டயும் கதைக்க வேணாம். நான் உங்களுக்கு எழுதினதையும் உம்மாட்டச் சொல்லாதீங்க.

றிஃப்கா


தோஹா
28.04.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லாப் போயிருக்கும். எனக்கு அண்டைக்கும் டியூட்டி. பதில் எழுதச் சுணங்கினதுக்குக் குறை நினைக்காதீங்க. யோசிச்சு எழுத வேண்டிய விஷயம் இது.

நான் முதல்ல எழுதினது பொதுவான கதை. பிறகு எங்கட பெரிய டொக்டரிட்ட உங்கட வயசு, பிள்ளைகள் எண்டு எல்லாத்தையும் சொல்லிக் கேட்டேன். உங்களுக்கு லிஃப்ட் வேணாம் உம்மா. அது பழைய காலத்து முறை. இம்ப்ளான்ட் செய்ங்க.

தழும்ப யோசிச்சுப் பாருங்க. புது மாப்பிள்ளை முதல் முதல் பாக்கிற நேரம் காம்பச் சுத்தி வெட்டித் தைச்ச அடையாளம் கண்ணுல பட்டா என்ன நினைப்பார்? இத்ரூஸ் உங்கள விட ரெண்டு வயசு இளம். அவர் சாமான கையில எடுத்துப் பாத்து வாங்கிற மனுஷன். இம்ப்ளான்ட் எண்டா மடிப்புக்குள்ள ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். நிறைஞ்சு, இளம் பிள்ளைக்கு மாதிரி நிக்கும்.

கண்டியில வேணாம், அந்த டொக்டருக்குப் பழக்கம் இருக்காது. கொழும்புல இப்ப இத மட்டும் செய்ற இடங்கள் இருக்கு. கேட்டது எதுவோ அதச் செய்வாங்க, வீணாக் கேள்வி கேக்க மாட்டாங்க.

நீங்க சொன்ன மாதிரி கொன்ட்ராக்ட்ட ரெண்டு வருஷத்துக்குப் புதுப்பிச்சுட்டேன்.

உங்கட மகள்
றிஃப்கா


பல்லேபொல
19.05.2024

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழையால மிளகுக் கொடி ரெண்டு சரிஞ்சது, மத்தபடி நாங்க சுகம். நீ புதுப்பிச்சது நல்ல காரியம்.

நீ எழுதினத வாசிச்சதும் குழம்பிட்டேன். கண்டி டொக்டரிட்ட திரும்பப் போய்க் கேட்டேன். அவவுக்குக் கோபம். "இறங்கினதுக்கு உள்ள பாரம் வைக்கச் சொன்னது யார்?" எண்டு கேட்டா. என்ட மகள் சொன்னாள், தோஹாவுல இதே வேலதான் எண்டேன். "உங்கட மகள் அப்படிச் சொல்ல மாட்டா. திரும்பக் கேட்டுப் பாருங்க" எண்டா. எனக்கு வந்த கோபம்! என்ட பிள்ளைய எனக்குத் தெரியாதா?

ஆனாலும் கேக்கிறேன் மகள். நல்லாத் தெரிஞ்சுதானே சொல்றாய்? கொழும்புல ஒரு கிளினிக்குக்குப் போய் ஜூன் கடைசியில நாள் எடுத்துட்டேன். நீ வேணாம் எண்டா இப்பவும் விட்டுடலாம். எந்த அளவு வைக்கிற எண்டும் எழுது.

நிக்காஹ் செப்டெம்பர்ல. நீ அதுக்கு லீவு கேட்டு அலையாதே. வீட்டுக்குள்ளதான் செய்றோம், வந்து போற செலவு வீண்.

உம்மா


தோஹா
01.06.2024

உம்மாவுக்கு ஸலாம்.

நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றேன். கண்டி டொக்டரிட்ட இனிப் போகாதீங்க.

பெரிய அளவே எடுங்க. சின்னது வச்சா வித்தியாசம் தெரியாது.

ஒப்பரேஷனுக்குப் பிறகு போடுற பிரா ரெண்டு நளீம் நானாட மனைவியிட்ட குடுத்து விட்டிருக்கிறேன். நல்ல துணி. நிக்காஹ்வுக்கு நான் வரல்ல, பயப்படாதீங்க.

றிஃப்கா


பல்லேபொல
09.07.2024

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமா இருக்கணும். நான் சுகம் எண்டு எழுத ஏலல்ல.

ஒப்பரேஷன் முடிஞ்சது. கொழும்புல இருந்து வேன்ல வந்த நேரம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் வந்தது. அஸ்ராட்ட நெஞ்சுல கட்டி எடுத்தது எண்டு சொன்னேன். பாவம், இரவு பகல் பாக்காம ஓதிக்கொண்டு இருந்தாள்.

நேத்து கட்டுப் பிரிச்சுப் பாத்தேன். மகள், இது சரியா? மேல ரெண்டு மேடு, விறைப்பா நிக்குது. என்ட சொந்த நெஞ்சு அதுக்குக் கீழ வழுகி முந்தியப் போலவே தொங்குது. நாலு நெஞ்சு இருக்கிற மாதிரி இருக்கு. இடது பக்கம் சிவந்து சுடுது, காய்ச்சலும் காயுது. அந்தக் கிளினிக்குக்குப் போன் பண்ணினா, கேட்டதத்தான் செய்தோம் எண்டு வைக்கிறாங்க.

உனக்கும் அஸ்ராட போன்ல எடுத்தேன். மணி அடிச்சுக்கொண்டே இருக்கு, நீ எடுக்கிறாய் இல்ல. டியூட்டியாக்கும். என்ன மருந்து குடிக்கிற, யாரிட்டப் போற எண்டு உடனே எழுது. கண்டி டொக்டரிட்டப் போக முகம் இல்ல.

உம்மா


தோஹா
25.08.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட கடிதமும், அதுக்குப் பிறகு அஸ்ராட கையெழுத்துல நீங்க எழுதுவிச்ச துண்டும் கிடைச்சது. இங்க வேல கூட.

காய்ச்சல் நிண்டது அல்ஹம்துலில்லாஹ். மாத்தளை ஆஸ்பத்திரியில ஊசி போட்டது சரிதான். இடது பக்கம் இறுகிட்டுது எண்டு எழுதியிருந்தீங்க. அப்படி நடக்கிறது உண்டு. வீக்கம் இறங்கி உருவம் வர மாசக் கணக்குல போகும். பொறுங்க.

நிக்காஹ்வத் தள்ளிப் போடலாமா எண்டு கேட்டிருந்தீங்க. தள்ள வேணாம். தள்ளினா அவருக்குச் சந்தேகம் வரும். ஒண்டும் சொல்லாம முடிச்சுடுங்க.

உங்களுக்கு எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்.

றிஃப்கா


பல்லேபொல
06.10.2024

மகள் றிஃப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அஸ்ரா சுகம்.

நிக்காஹ் முடிஞ்சதும் முறிஞ்சதும் ஒரே கிழமையில. வேற யாரிட்டச் சொல்றது, உன்னட்டத்தானே எழுதுறேன்.

காலையில நிக்காஹ், பகல் சாப்பாட்டோட ஆக்கள் போயிட்டாங்க. அவர் அறைக்கு வந்தார். ஜன்னலச் சாத்தட்டா எண்டு கேட்டேன். "எதுக்கு? வெளிச்சம் இருக்கட்டும்" எண்டார். நான் கைய வச்சு மறைச்சேன். கைய எடுத்து விட்டார். கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டே நிண்டார். பிறகு ஒரு விரலால இடது பக்கத்த அமத்திப் பாத்தார்.

"இது என்ன?"

"ஒப்பரேஷன்."

"வருத்தமா?"

"இல்ல. உங்களுக்கு எண்டுதான்."

அவருக்குக் கோபம் வரல்ல மகள். கோபம் வந்திருந்தாலும் பரவாயில்ல. "உன்னட்ட இத யார் கேட்டது? எனக்கு அந்தப் பழசு போதுமா இருந்திருக்கும்" எண்டார். சேர்ட்ட மாட்டிட்டு வெளியே போனார். லொறி போற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஒண்டும் நடக்கல்ல. மூணாம் நாள் தலாக் சொல்லி ஆள் வந்தது. ஒண்டும் நடக்காததால மூணு மாசம் இத்தா இருக்கவும் தேவையில்லயாம். வந்தவர் அத முத்தத்துல நிண்டு சத்தமாச் சொல்லிட்டுப் போனார்.

கலேவெல பஸ்ஸுல போற வாற பொம்புளைகள் எல்லாருக்கும் இப்ப என்ட நெஞ்சுக் கதை தெரியும். மிளகு வாங்க வாறவனும் முகத்தப் பாக்காம நெஞ்சப் பாக்கிறான்.

இப்ப எழுதப் போறதக் கவனமா வாசி. இத்ரூஸ் இரத்தோட்டைக்குப் போய் மாமியிட்ட உன்னக் கேட்டிருக்கிறார். உன்னத்தான் முந்தியும் முதல்ல கேட்டது. நான் உனக்குச் சொல்லல்ல. அவர் என்னோட சேராததால உன்னக் கட்டிறதுக்குத் தடை இல்ல எண்டு மௌலவி சொல்லிட்டார். நான் ஓம் எண்டு சொல்லி அனுப்பிட்டேன்.

உன்ன அவர் கட்டினா ஊர் வாய மூடலாம். ஜெஸீலாட்ட குறை கண்டு விடல்ல, முதல்ல கேட்ட மகள் மேலதான் அவருக்கு மனசு, அதுதான் விட்டார் எண்டு சொல்லிக்கலாம். உனக்கும் இத விட நல்லது வரப் போறதில்ல. கொன்ட்ராக்ட்ட உடைச்சிட்டு வா.

உம்மா


தோஹா
03.11.2024

உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். கால் வீக்கம் குறைஞ்சிருக்கு, இப்ப ரிக்கவரி வார்ட்டுல போட்டிருக்கிறாங்க, இருந்து செய்யலாம்.

இத்ரூஸ் எனக்கு வேணாம். மாமியிட்டயும் எழுதிட்டேன்.

அவர் முதல்ல என்னக் கேட்டது எனக்கு மார்ச்சுல இருந்து தெரியும். மாமி படமும் அனுப்பியிருந்தா. அந்தப் படத்த நல்லாப் பாத்தேன் உம்மா. நீங்க என்னட்ட அண்டைக்கே கேட்டிருந்தா, வேணாம் எண்டுதான் சொல்லியிருப்பேன். நீங்க மாமிட்டச் சொன்ன அதே வார்த்தையக் கூடச் சொல்லியிருப்பேன். பிறகு நீங்க கட்டியிருக்கலாம். நானே லீவு எடுத்து வந்து உங்களக் கண்டி டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

உள்ள வச்சத எடுக்கலாம். இறுகின பக்கம் கொஞ்சம் கஷ்டம். எடுத்த பிறகு தோல் இழுபட்டு இன்னும் இறங்கித்தான் இருக்கும். லிஃப்ட் அதுக்குப் பிறகு, ஆறின உடம்புல செய்றது நல்லம். அந்தக் கண்டி டொக்டர் கெட்டிக்காரி. கோபப்பட்டாலும் செய்து தருவா.

அஸ்ராட பரீட்சை முடிஞ்சதும் அவள இங்க எடுக்கிறேன். ரிசெப்ஷனுக்குப் பிள்ளை தேடினாங்க, விசா பேசியாச்சு. பதினெட்டு முடிஞ்சதால உங்கட கையெழுத்து தேவையில்லயாம். பாஸ்போட்டுக்கு மாமா கூட்டிக்கொண்டு போனார். நீங்க அண்டைக்கு மருந்து கட்ட மாத்தளைக்குப் போயிருந்தீங்க.

அவளக் கட்டாயப்படுத்தல்ல. அவளிட்டக் கேட்டேன். ஓம் எண்டாள்.

வஸ்ஸலாம்,
றிஃப்கா